350க்கும் 800க்கும் நடுவில்

ஒரு மாதமாக ஓர் எண் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. 350. வேலூர்க் கோட்டைக்குள் ஒரு வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து நானே செல்பேசியில் தட்டிய எண் அது. தட்டியதும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி நான் நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. "சரியா வருதுடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா மகனுக்கும் சந்தோஷம். அரை நிமிடம் போயிருக்கும். நான் தட்டியது செத்துப்போன மனிதர்களின் எண்ணிக்கை என்பது அப்போதுதான் உறைத்தது.

வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த கடைசி நாட்களில் நில அளவராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். 35 வருஷ வேலையில் முதலில் சங்கிலியும், செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃபும் பிடித்த கை இது. பிறகு கருவிகள் மாறின, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் காலம் வந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆம்பூர்ப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையின் வரப்பில் நின்றுகொண்டு என் மூத்த அளவர் சொன்னது மட்டும் மாறவில்லை. "தம்பி, அளக்காத எண்ணைப் புத்தகத்துல ஏத்தாத. கல்லு காணோம்னா காணோம்னு எழுது. பக்கத்துக் கல்ல வச்சி உத்தேசமா போட்டுட்டுப் போயிட்டா, உன் பேரன் காலத்துல ரெண்டு குடும்பம் அடிச்சிக்கும்." அந்த வார்த்தையைக் காப்பாற்றித்தான் ஓய்வு பெற்றேன். அதனால்தான் அந்த 350 என்னை இப்படிப் படுத்துகிறது.

அக்கா மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் வருவான். அங்கே அவனைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு சிறு டப்பாவை (அதைத்தான் கேச் என்பார்கள்) எங்கேயாவது மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செல்பேசியையோ ஜிபிஎஸ் கருவியையோ பிடித்துக்கொண்டு போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இது பிறந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, காரணம் தொழில். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை ஜிபிஎஸ் அலைவரிசையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. சாதாரண ஆள் கையில் இருக்கும் கருவி 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 2 அன்று அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு மறைத்து வைத்துவிட்டு, இடத்தின் எண்களை உலகத்துக்குச் சொன்னார். நாங்கள் அலுவலகத்தில் "இனிமே பிழை இல்லையாம்" என்று பேசிக்கொண்டிருந்த அதே வாரம் அங்கே ஒரு விளையாட்டு பிறந்திருக்கிறது.

இந்த முறை வரும்போதே ஒரு திட்டத்தோடு வந்தான். "மாமா, நம்ம கோட்டையில ஒரு கேச் வைக்கணும். உங்க பேர்லதான் வைக்கணும்." என் பேரில் ஏன் என்றால், வைத்தவர் டப்பாவைப் பராமரிக்க வேண்டும், மழையில் நனைந்தால் மாற்ற வேண்டும், தொலைந்தால் வேறு வைக்க வேண்டும். விடுமுறைக்கு வந்து வைத்துவிட்டுப் பறந்துவிடும் டப்பாக்களை அனுமதிப்பதில்லையாம். ஒவ்வொன்றையும் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. எல்லைக்கல் நட்டவன் அதற்குப் பொறுப்பு என்பதுபோல.

டப்பாவை எங்கே வைப்பது

கோட்டைக்குள் வைக்க முடியாது என்பதை அவனே முதலில் சொன்னான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். காலையில் நடக்க வருகிறவர்கள், கோவிலுக்கு வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். ரயில் நிலையத்தில் நாள் முழுக்கக் கேட்கிறோமே, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று. அப்படியிருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கல் இடுக்கில் சொருகிவிட்டு வந்தால் யாருக்குப் பதில் சொல்வது? அதைவிட எனக்கு இருந்த பயம் வேறு. தேடுகிறவன் கை சும்மா இருக்காது. ஒருவன் ஒரு கல்லை அசைத்துப் பார்ப்பான், அடுத்தவன் இன்னொன்றை நெம்புவான். மதில் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று செய்கிற வேலையை மனிதக் கையும் சேர்ந்து செய்ய வேண்டாம்.

இதற்கு அந்த விளையாட்டிலேயே வழி இருக்கிறது. பல படிகளாக வைக்கலாம். கோட்டைக்குள் எதையும் ஒளிக்காமல், ஏற்கெனவே அங்கே இருப்பதைப் பார்த்துப் பதில் சொல்லும் கேள்விகளை மட்டும் வைப்பது. கல்லில் என்ன ஆண்டு பொறித்திருக்கிறது, எத்தனை தூண், எத்தனை படி என்று. அந்தப் பதில் எண்களைக் கூட்டிக் கழித்தால் கடைசி டப்பா இருக்கும் இடத்தின் எண் கிடைக்கும். டப்பா கோட்டைக்கு வெளியே, உரிமையாளர் சம்மதித்த ஓர் இடத்தில் இருக்கும். லாங் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் பெல்ட், செருப்புத் தைக்கிற பாய் ஒருவர் எனக்கு 20 வருஷப் பழக்கம். அவர் கடை மேசை இழுப்பறையை மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த எண்களின் அமைப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது தேவை. வேலூர்க் கோட்டை வடக்கே 12 பாகை 55 கலை, கிழக்கே 79 பாகை 7 கலைக்குச் சற்று மேல். கலைக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து மூன்று இலக்கம் எழுதுவார்கள். அந்த மூன்றாம் இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் இரண்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவாக நகர்ந்துவிடுவோம். ஆக, ஊரையும் கோட்டையையும் முன்னால் இருக்கும் எண்கள் சொல்லிவிடும். எந்தக் கடை, எந்த வாசல் என்பது அந்தக் கடைசி மூன்று இலக்கத்தில்தான் இருக்கிறது.

ஜூலை 13 காலை ஆறரை மணிக்கு இருவரும் கிளம்பினோம். மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணில் மூன்று நாள் முன்பு போட்ட மாலைகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. 1998இல் எழுப்பிய தூண். ஆயிரம் தடவை அதைச் சுற்றி ஸ்கூட்டரில் திரும்பியிருப்பேன், ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை. அவன்தான் இறங்கச் சொன்னான்.

அகழியில் நீர் நிறைய இருந்தது. சின்ன வயதில் எங்கள் ஆயா இந்த அகழியைக் காட்டி, "உள்ள பத்தாயிரம் மொதல வுட்டு வச்சிருந்தாங்கடா" என்று பயமுறுத்துவாள். அந்தக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டே ஒற்றை வாசல் வழியாக உள்ளே போனோம். மதிலோரம் நடக்கும்போது அவன் செல்பேசி அம்புக்குறி ஒரு நிலையில் நிற்கவில்லை. பத்து மீட்டர் இந்தப் பக்கம், பதினைந்து மீட்டர் அந்தப் பக்கம் என்று தாவியது. செயற்கைக்கோள் அலை அவ்வளவு பெரிய கருங்கல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கருவி குழம்பும். பெரிய பாறைகளுக்கு அருகில் அளக்கும்போது நாங்களும் பட்டிருக்கிறோம். "கொஞ்சம் தள்ளி வாடா, சுவரு அதுக்குப் பேச விடாது" என்றேன்.

ஓரிடத்தில் அவன் குனிந்து மதில் கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். விரல் நுழையும் அளவில், சம இடைவெளியில், வரிசையாகச் சின்னச் சதுரப் பள்ளங்கள். கல் உடைத்த தச்சர்கள் ஆப்பு இறக்குவதற்காக உளியால் எடுத்த குழிகள். பாறையில் இப்படி வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு வைத்து அடித்தால் அந்தக் கோட்டிலேயே பிளந்து வரும். பிளந்த கல்லில் பாதிக் குழி தங்கிவிடும். ஏழு எண்ணினான். ஒரு குழிக்குள் எறும்பு மண் தள்ளியிருந்தது, இன்னொன்றில் ஒரு பூட்டில்லாச் சாவி கிடந்தது. "இத ஒரு கேள்வியா வச்சிக்கலாம் மாமா. இந்தக் கல்லுல எத்தன குழி?" என்றான். நல்ல கேள்வி என்று தோன்றியது. சின்ன பொம்ம நாயக்கர், திம்ம ரெட்டி நாயக்கர் என்று கட்டியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த ஏழு குழியை எடுத்தவன் பெயர் இல்லை, ஆனால் அவன் எண்ணாவது இருக்கிறதே.

ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்தில் நெடுநேரம் இருந்தோம். யாளியும் குதிரை வீரர்களும் நிற்கும் அந்தத் தூண்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குச் சொன்னது வேறு. நான் சத்துவாச்சாரிக்காரன். சாமி இல்லாத கோவில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்லும் அந்தப் பழைய பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். கோட்டைக் கோவிலின் லிங்கம் தலைமுறை தலைமுறையாக எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது. கோவில் ஆயுதக் கிடங்காகப் பயன்பட்ட காலமும் போய், பூசையில்லாமல் வெறும் கல்லாக நின்ற காலமும் போய், 1981இல்தான் திரும்ப உள்ளே வந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மா அன்றைக்குச் சொன்னது: "எங்க இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். எடுத்துக்கினு போய் வைக்கத்தான் இத்தன நாளு." அத்தனை காலம் ஒரு பொருள் மறைந்திருந்தும் அதன் இடம் யாருக்கும் மறக்கவில்லை. அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து போட்ட கணக்கு

வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேள்விகளைத் தொகுத்தோம். தூய யோவான் தேவாலயம் 1846. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே கைதியாகக் கொண்டுவரப்பட்டது 1816, இறந்தது 1832. பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளை இங்கே காவலில் வைத்தது 1799க்குப் பிறகு. ஆங்கிலேயப் படைப்பிரிவு 69. ஆர்க்காட்டிலிருந்து ஓடி வந்த குதிரைப்படை 19. எண் எண்ணாக வந்துகொண்டே இருந்தது. அவன் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிரம்பியது.

நிரம்பிய பக்கத்தைப் பார்த்துவிட்டு அவன்தான் கேட்டான். "மாமா, இங்க நடந்த பெரிய விஷயம் 1806. சிப்பாய்ங்க பக்கத்துல இருந்து ஒரு நம்பர் வேணுமே?"

1806 ஜூலை 10 விடிவதற்கு முன் நடந்ததை வேலூர்க்காரனுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை ஒழுங்கு செய், தோல் முத்திரை வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு. மே மாதமே மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலையில் முதல் படைப்பிரிவும் 23ஆம் படைப்பிரிவும் எழுந்தன. கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். 69ஆம் பிரிவில் 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆர்க்காட்டுக்குச் செய்தி போய், கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, மேலிருந்து விட்ட கயிற்றையும் ஒரு சார்ஜெண்டின் இடைக்கச்சையையும் பிடித்து மதிலேறி, பிறகு பீரங்கி வைத்துக் கதவைப் பிளந்து, பகல் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. இதுவரைக்கும் எண்கள் வரிசையாக வருகின்றன. எந்தப் பிரிவு, எந்த மணி, எந்தக் குதிரைப்படை, இறந்த அதிகாரி யார் என்று கேட்டால் விடை இருக்கிறது. ஊரில் பழைய கல்லறைத் தோட்டத்தில் இறந்த ஆங்கிலேயர்களுக்கு நினைவுக் கல்லும் இருக்கிறது.

கதவு பிளந்த பிறகு எண்கள் மங்கிவிடுகின்றன. இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர்? ஏறக்குறைய 350 என்று ஒரு கணக்கு. கோட்டையிலிருந்து 800 உடல்கள் வெளியே எடுத்துச் செல்லப்பட்டன என்று இன்னொரு குறிப்பு. பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்களும் தூக்கிலிடப்பட்டவர்களும் விசாரணைக்குப் பிறகு வந்த தனிக் கணக்கு. அவன் நான் சொன்னதை எழுதிக்கொண்டே, "ஏதாச்சும் ஒண்ணு போடுங்க மாமா. 350 வச்சிக்கலாமா?" என்றான். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. சூத்திரத்துக்கு ஓர் எண் வேண்டும், கேட்டான். நான் பாய் கடையின் எண் வருகிற மாதிரி கழிக்க வேண்டியதைக் கழித்து, 350ஐத் தட்டினேன். புள்ளி கடை வாசலில் உட்கார்ந்தது. சரியா வருதுடா என்றேன்.

பிறகு, 35 வருஷப் பழக்கம், சரிபார்க்கிற கை சும்மா இருக்கவில்லை. அதே கணக்கில் 350ஐ எடுத்துவிட்டு 800 என்று மாற்றினேன். புள்ளி கடையை விட்டுக் கிளம்பி வடக்கே பாலாற்றுத் திசையில் ஓடியது. தூரத்தை அளந்து பார்த்தேன். 830 மீட்டர்.

அந்த 830 மீட்டரை நான் எப்படிச் சொல்வது? நிலத்தில் என் வாழ்நாளில் நான் கண்ட மிகப் பெரிய பிழை சில மீட்டர்தான். ஒரு முழ வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு நடுவே கயிறு பிடித்திருக்கிறேன். இங்கே ஓர் இலக்கம் ஒருவர். 450 பேர். அந்த இடைவெளியைக் காகிதத்தில் படித்தபோது "350இலிருந்து 800 வரை" என்று கண் தாண்டிப் போய்விட்டது, எத்தனையோ முறை. வரைபடத்தில் புள்ளி ஓடியபோதுதான், ஒவ்வோர் இரண்டு மீட்டருக்கும் ஒரு மனிதனாக, ஒரு தெரு முழுக்க, கடை கடையாகத் தாண்டிப் போகிற வரிசையாக அது தெரிந்தது. அவர்கள் இறந்தார்களா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாத வரிசை.

அதே காலத்தில் அதே கம்பெனிதான் இந்த நிலத்தை அளந்துகொண்டிருந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் அளவர் லாம்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். எஃகுச் சங்கிலி வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்பதைக்கூடக் கணக்கில் எடுத்து, அங்குலத்துக்கும் கீழே துல்லியம் பார்த்த வேலை. எங்கள் துறையில் லாம்டன் என்றால் கையெடுத்துக் கும்பிடுவோம், இன்றைக்கும் கும்பிடுகிறேன். அந்த அளவு வேலை போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் இந்தக் கோட்டைக்குள் எத்தனை பேரைக் கொன்றோம் என்பதை ஒழுங்காக எண்ணி எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அளக்கத் தெரியாதவர்கள் விட்ட பிழை என்று என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்குமேல் ஒன்று. கதவைப் பிளந்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்: அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஏறக்குறைய 100 சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, வரிசையாக ஒரு சுவரில் நிறுத்திச் சுட்டார்கள். அது கையால் பந்தடித்து விளையாடுவதற்காக ஆங்கிலேயர்கள் கட்டி வைத்திருந்த சுவர். இதை அவனிடம் சொன்னபோது அவன் தலை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். நானும் பார்த்தேன். எங்களைச் சுற்றி நிறைய சுவர்கள். அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒரு சுவரில் கரியால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "மாமா, நாம இங்க வந்து வெளையாட்டு வைக்கிறது தப்பா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இன்றும் அந்தக் கேள்வியைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். தப்பில்லை என்பதுதான் என் முடிவு. ஆனால் அது தானாக வந்த முடிவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆடட்டும், கோட்டை அவர்களுக்கும்தான். யாரோ ஒருவர் வேறொரு நாட்டிலிருந்து டப்பா தேடி வந்து, ஆப்புக் குழியைத் தடவிப் பார்த்து, தூணை எண்ணிவிட்டுப் போவது அந்தக் கல்லுக்கு மரியாதைதான். நான் 60 வயது வரை செய்யாததை அவர் ஒரு காலையில் செய்வார். ஆனால் இறந்தவர்களை ஒரு படியாக, விடையாக, அடுத்த இடத்துக்குப் போகிற சாவியாக வைக்கக் கூடாது. அதுவும் நாம் தேர்ந்தெடுத்த ஒரு எண்ணாக வைக்கவே கூடாது. 350 என்று நான் வைத்தால், வருகிற ஒவ்வொருவரும் 350 என்று எழுதிச் சரி என்று டப்பாவை எடுப்பார்கள். பத்து வருஷத்தில் அது நான் நட்ட கல்லாகிவிடும். அளக்காத இடத்தில் நட்ட கல்.

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம். கணக்கில் 10, 7, 1806 என்ற தேதியை மட்டும் வைத்தோம். அது யாராலும் மாற்ற முடியாதது. எத்தனை பேர் என்பதை, இரண்டு குறிப்புகளையும் சொல்லி, விளக்கத்தில் எழுதினோம். எழுதி முடித்துவிட்டு அவன், "மாமா, குறிப்பேட்டோட மொதப் பக்கம் நீங்கதான் எழுதணும்" என்றான்.

பாய் கடை

டப்பாவை எடுத்துக்கொண்டு மறுநாள் மாலை கடைக்குப் போனோம். சின்ன எவர்சில்வர் சம்படம், அம்மா மருந்து மாத்திரை வைத்திருந்தது. உள்ளே உள்ளங்கை அளவு நோட்டு, ஒரு பென்சில். பாய் ஒரு பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கதையைச் சொன்னேன். தலைப்பாகையில் தோல் முத்திரை என்ற இடம் வந்ததும் அவர் கை நின்றது.

"இன்னா தோலு சார்?"

"மாட்டுத் தோலா, பன்னித் தோலான்னு அன்னிக்கே பேச்சு இருந்துச்சு பாய். அந்தச் சந்தேகம்தான் பெருசாச்சு."

"மூஞ்சிக்கு மேல வைக்கிறதுக்கு இன்னா தோலுன்னு கேக்கறவனுக்குச் சொல்லணுமா இல்லியா? என் கடைக்கு வர்றவன் பெல்ட்டுக்கே கேட்டுட்டுத்தான் வாங்கறான்" என்றார். அவர் அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். எந்தத் தோல் எந்த வாசனை என்று பாய்க்குக் கண் மூடிக்கொண்டு தெரியும். வேறு யாருக்கும் அந்தக் கேள்வி இப்படி நேராக வந்திருக்காது.

நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைக் காட்டினேன். பதிவுகளில் தலைவர்களாக வரும் பெயர்கள். சுபேதார் ஷேக் ஆதம். சுபேதார் ஷேக் ஹமீத். ஜமேதார் ஷேக் ஹுசேன். ஜமேதார் ஷேக் காசிம். டப்பா தேடி வருகிறவர்கள் பெயர் எழுதுவதற்கு முன்னால், அந்த இடத்துக்கு முன்னால் வந்தவர்களின் பெயர் இருக்கட்டும் என்று நினைத்து எழுதினேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் எங்காளுங்க பேராவே கீது சார். கூட நின்னவங்கோ? நெத்தில நாமம் போடக்கூடாது, விபூதி வைக்கக்கூடாதுன்னும்தான சொன்னான்? அவங்க பேரு எங்க?"

அவர் கேட்டது நியாயம். மே மாதம் கசையடி வாங்கியவர்களிலேயே ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. என் கையில் இருந்தது நான்கு பெயர். அக்கா மகன் என்னைப் பார்த்தான், நான் நோட்டைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பக்கத்தில் நான்கு பெயருக்குக் கீழே உடனே ஒரு கோடு இழுத்து, வருகிறவர்கள் எழுத வேண்டிய இடத்தைத் தொடங்கியிருந்தேன்.

பாய் நோட்டை வாங்கி மேசையில் வைத்தார். பெல்ட்டில் ஓட்டைக்கு அளவு வைக்கும் இரும்புப் பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, நான் இழுத்திருந்த கோட்டை அழிரப்பரால் அழித்தார். பிறகு நான்காவது பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. பக்கம் முடிந்ததும் திருப்பி, அடுத்த பக்கமும் போட்டார். எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிப் பையனை டீக்கு அனுப்பினார். மூன்றாம் பக்கத்தில் பாதி வந்தபோது நான், "போதும் பாய்" என்றேன்.

"எத்தினி பேருன்னு நீங்களே தெரியாதுன்றீங்க" என்று சொல்லிவிட்டு, இரும்புப் பட்டையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்.